மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கையால் தைத்து பைண்டிங் செய்த நோட்டுப் புத்தகங்களையும் ஓவிய ஏடுகளையும் இரண்டு ஆண்டுகளாக ஆன்லைனில் விற்று வருகிறேன். முழுநேர வேலையும் இருக்கிறது. என்னோடு இந்தக் கலையைக் கற்ற தோழி சென்ற ஆண்டு கடை திறந்தாள். அவள் வேலை செய்யும் வீடியோ ஒன்று பரவி, மூன்றே மாதத்தில் ஆர்டர் குவிந்துவிட்டது. “இதுதான் நேரம், தள்ளிப்போடாதே” என்கிறாள். எனக்குப் பிடித்த இடம் ஒன்று காலியாக இருக்கிறது. உரிமையாளர் மூன்றாண்டு ஒப்பந்தம் கேட்கிறார். 18 மாத வீட்டுச் செலவுக்கான சேமிப்பு கையில் உண்டு. அண்ணனும் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? ஓடவில்லை என்றால் எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பது?

பதில்: தொழிலைத் தொடருங்கள். வேலையை இப்போது விட வேண்டாம், அந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் தோழியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு நடந்ததில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000க்கும் அதிகமானவர்களைக் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களில் பெரும்பகுதியினரை எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். ஒரு குழுவில் முன்வரிசைக்கு வந்த பாடல் இன்னொரு குழுவில் பின்தங்கிக் கிடந்தது. பாடல் அதேதான்; ஆரம்பத்தில் யார் எதைச் சொடுக்கினார்கள் என்பதுதான் வேறு. அதோடு இன்னொன்றும் தெரியவந்தது: மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சத்துக்கு வந்ததும் அரிது. தரம் இருந்தால் வாய்ப்பு வட்டத்துக்குள் இருப்போம். அந்த வட்டத்துக்குள் யாருக்கு, எப்போது அடிக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

ஆகவே “இதுதான் நேரம்” என்று யார் சொன்னாலும் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது, எத்தனை மாதம் திறந்திருக்க முடியும் என்பது மட்டும்தான். பணத்தால் வாங்க முடிந்ததும் அதைத்தான்.

உங்கள் ஒரு மாத வீட்டுச் செலவை 1 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 18. இதில் 6, நோய்நொடிக்கும் எதிர்பாராத செலவுக்கும் தொடாமல் இருக்க வேண்டிய பணம். மிச்சம் 12. கடைக்கு முன்பணம், உள் அலங்காரம், விளக்கு, மேசை, தாள் வெட்டும் பெரிய கட்டர் என்று 6 போய்விடும் என்று வைப்போம். பெரும்பாலும் நினைத்ததைவிடக் கூடத்தான் ஆகும். மீதி 6. வேலையை விட்டால் மாதம் வீட்டுக்கு 1, கடைக்கு வாடகையும் பொருளும் சேர்த்து 0.5. விற்பனையே இல்லை என்று வைத்தால் நான்கு மாதத்தில் பணம் தீரும். அதற்குள் ஓராண்டின் விற்பனைச் சுழற்சியைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பரிசு வாங்கும் பருவத்துக்கு முந்தைய மந்தமான மாதங்களில் திறந்துவிட்டால், நல்ல பொருளை வைத்துக்கொண்டே மூட நேரும்.

இப்போது இன்னொரு வழி. வேலை தொடர்கிறது, வீட்டுச் செலவைச் சம்பளம் பார்த்துக்கொள்கிறது. வேறு கைவினைஞர்களோடு பகிரும் பட்டறையில் ஒரு மேசை, கூடுதலாக ஒரு பிரஸ் (ஒட்டிய நோட்டுகளை அழுத்தி வைக்கும் கருவி). தொடக்கச் செலவு 1, மாதச் செலவு 0.2. மீதியுள்ள 11ஐ வைத்து, ஒன்றுமே விற்காவிட்டாலும் 55 மாதம் ஓடும். நான்கரை ஆண்டுக்கும் மேல்! பணமும் அதே, நீங்களும் அதே ஆள்தான். அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது கடை திறந்திருக்கும் வாய்ப்பு மட்டும் பல மடங்கு கூடிவிட்டது. இந்த எண்களை எடுத்துவிட்டு உங்கள் உண்மையான எண்களைப் போட்டு, இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரங்களின்படி அங்கே தொடங்கும் புதிய தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது, ஐந்தாண்டு முடிவில் பாதிதான் மிஞ்சுகிறது. மூடியவர்களில் எத்தனை பேர் பொருள் சரியில்லாமல் மூடினார்கள், எத்தனை பேர் நாள் போதாமல் மூடினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பது என்று கேட்டீர்கள். அதற்கு முன் ஒரு கணக்கைச் சரிபார்த்தாக வேண்டும். ஒரு நோட்டின் விற்பனை விலையை 100 என்று வைத்தால், தாள், அட்டை, அதன்மேல் ஒட்டும் கேலிகோ துணி, நூல், பசைக்கு எவ்வளவு போகிறது? தளத்தின் கமிஷன், பார்சல், உடைந்து அல்லது நனைந்து திரும்பி வருவது? எல்லாம் போக 25 மிஞ்சுகிறது என்றால், அந்த 25ஐ அந்த நோட்டுக்குச் செலவான மணிநேரத்தால் வகுங்கள். தாள்களைத் தைப்பதற்காகக் கட்டுக்கட்டாக மடிக்கும் நேரம், தைக்கும் நேரம், படம் எடுத்துப் போடும் நேரம், வாங்குபவரின் கேள்விக்குப் பதில் எழுதும் நேரம் எல்லாம் சேர வேண்டும். வருகிற எண், வேலையில் ஒரு மணிநேரத்துக்கு நீங்கள் வாங்கும் சம்பளத்தில் கால் பங்குகூட இல்லை என்றால், எத்தனை ஆண்டு விடாமல் முயன்றாலும் அது தொழிலாக மாறாது. விலையை ஏற்றுங்கள், அல்லது செய்முறையை மாற்றுங்கள். விடாமுயற்சி என்று நாம் பாராட்டுவது, ஒவ்வொரு விற்பனையிலும் ஏதாவது மிஞ்சுகிற தொழிலுக்குத்தான் பலன் தரும்.

இந்தக் கணக்கு தேறினால் 18 மாதம் கொடுங்கள். அந்தக் காலத்தில் மொத்த விற்பனைத் தொகையைவிட இரண்டு எண்களைத்தான் கவனிக்கச் சொல்வேன்: உங்களை முன்பின் தெரியாதவர்கள் தள்ளுபடி இல்லாமல் வாங்கியது எத்தனை, வாங்கியவர்களில் திரும்ப வந்தது எத்தனை பேர். இரண்டும் ஏறுமுகமாக இருந்தால் மெதுவாக ஏறினாலும் தொடரலாம். நண்பர்களும் உறவினர்களும் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால் அது அன்பு. அதை வைத்து வாடகை ஒப்பந்தம் போட முடியாது.

அப்புறம், அதிர்ஷ்டம் வந்தே விட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். சிறிய படைப்புத் தொழில்கள் ஆர்டர் இல்லாமல் தடுமாறுவதைப் போலவே, தாங்க முடியாத ஆர்டராலும் தடுமாறுகின்றன. ஒரு நிறுவனம் 300 நோட்டு கேட்கிறது என்று வைப்போம். உங்களிடம் இரண்டு பிரஸ், ஒவ்வொன்றிலும் பத்து நோட்டுதான் வைக்க முடியும், பசை காய ஓர் இரவு முழுக்க அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 20, ஆக பதினைந்து இரவுகள். அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்தால் அட்டை வளைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். தாளை இன்றே பணம் கொடுத்து வாங்க வேண்டும், அவர்களோ பொருள் பெற்று 60 நாள் கழித்துத்தான் தருவார்கள். அந்த இடைவெளியில்தான் வீட்டுப் பணத்தில் கை வைக்கத் தோன்றும். எனவே பெரிய ஆர்டர் என்றால் பாதித் தொகை முன்பணம், நாள் ஒன்றுக்கு உங்களால் முடிந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தேதி என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். உற்சாகத்தில் இருக்கும்போது யாருக்கும் பேரம் பேச வராது.

இன்னொன்று, வடிவமைப்பின் உரிமை. வால்ட் டிஸ்னியின் முதல் ஸ்டுடியோ 1923இல் திவாலானது. அண்ணன் ராயோடு சேர்ந்து மறுபடி தொடங்கி, ஒரு கார்ட்டூன் முயல் பாத்திரத்தால் நன்றாகவே போய்க்கொண்டிருந்தார். 1928இல் அந்த முயல் கைவிட்டுப் போனது. ஒப்பந்தப்படி உரிமை படக்கம்பெனியிடம் இருந்தது. பிறகு உருவாக்கிய மிக்கி எலியை வைத்து எடுத்த முதல் இரண்டு மௌனக் குறும்படங்களுக்கும் விநியோகஸ்தர் கிடைக்கவில்லை. பேசும்படம் மக்களைப் பிடித்துக்கொண்ட அந்த நேரத்தில், மூன்றாவது படத்தை ஒலியோடு எடுத்து 1928 நவம்பரில் வெளியிட்டார், அது ஓடியது. பேசும்படம் வந்த நேரம் அவர் செய்த ஏற்பாடு இல்லை. அது வந்தபோது தொழிலில் இருந்ததும், இந்த முறை பாத்திரம் தன் பெயரில் இருந்ததும்தான் அவர் பங்கு. உங்களிடம் நோட்டு வாங்கும் நிறுவனம் அட்டை ஓவியத்தின் உரிமையையும் சேர்த்துக் கேட்டால், அதற்குத் தனி விலை சொல்லுங்கள், அல்லது அந்த ஓர் ஆர்டருக்கு மட்டும் அனுமதி என்று எழுதி வாங்குங்கள்.

இனி அந்த இடம். மனசு அதிலேயே இருக்கிறது என்றால் உரிமையாளரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். ஓராண்டுக்குப் பிறகு, மூன்று மாத முன்னறிவிப்போடு வெளியேறும் உரிமையும், மீதிக் காலத்துக்கு உள்வாடகைக்கு விடும் அனுமதியும் கேளுங்கள். இரண்டும் கிடைத்து, மாத வாடகையை இப்போதைய நோட்டு லாபத்தின் பாதியிலிருந்தே கட்ட முடிந்தால் மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அண்ணன் தரும் பணத்தை இப்போது வாங்க வேண்டாம். அவர் கொடுக்க நினைத்ததை அவர் கணக்கிலேயே இருக்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்த பெரிய ஆர்டர் ஒன்று வந்து தாள் வாங்கக் காசு குறைந்தால், அன்று கேட்டுக்கொள்ளலாம். அப்போதும் தொகை, திருப்பித் தரும் தேதி இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.