தூக்குல போட்டா சரியாயிடுமா?

அன்புள்ள சார்,
எங்க ஏரியால ப்ளஸ் டூ பசங்க கை வரைக்கும் கஞ்சா வந்துடுச்சு. நியூஸ்ல தினம் இத்தன கிலோ புடிச்சோம்னு மூட்டைய அடுக்கி வச்சு போட்டோ போடறாங்க, எதுவும் குறையல. சிங்கப்பூர் மாதிரி தூக்குல போட்டாத்தான் பயம் வரும். உங்க கருத்து?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோவம் நியாயம்தான். ஆனா தூக்கு நம்ம சட்டத்துலயே இருக்குங்க. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துல 1989லயே சேத்தாங்க, பெரிய அளவுல கடத்தி ரெண்டாவது தடவ மாட்டினா மரண தண்டனை வரைக்கும் போகலாம், அதுல என்ன குறைஞ்சுது சொல்லுங்க. சிங்கப்பூர்னு சொல்றவங்க தூக்க மட்டும் சொல்றாங்க, போதைக்கு அடிமையானவங்கள புடிச்சு வச்சு மீட்கறதுக்குன்னே அங்க அரசாங்க மையம் இருக்கறத யாரும் சொல்றதில்ல.

நம்ம சட்டத்துலயும் 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. அடிமையான ஒருத்தன் கம்மியான அளவோட மாட்டி (கஞ்சான்னா ஒரு கிலோ வரைக்கும் அந்தக் கணக்குதான்), தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரிலயோ அங்கீகாரம் உள்ள மையத்துலயோ சிகிச்சை எடுத்தா வழக்கு கிடையாது, பாதில விட்டுட்டு வந்தா அந்தச் சலுகை போயிடும். நல்ல பிரிவு, ஆனா தேவைப்படறவங்களுக்குத் தெரியணுமே.

போன வருஷம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பைக் சீட்டுக்கு அடியில மூணு பொட்டலத்தோட மாட்டினான். ரெண்டு வருஷமா அது இல்லாம அவனுக்குத் தூக்கமே வராதாம், எங்களுக்கெல்லாம் அன்னிக்குத்தான் தெரியும். அவங்கம்மா ஸ்டேஷன் வாசல்ல இட்லி டப்பாவோட சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க, வக்கீல் பெயில் பத்தி பேசினார், ஃபீஸ் பத்தி பேசினார், சிகிச்சைன்னு ஒரு வார்த்தை வரல, எனக்கும் அப்ப இந்தப் பிரிவு தெரியாது. பதினோரு நாள் உள்ள இருந்துட்டு வந்தான், போகும்போது பொட்டலம் வாங்கத் தெரிஞ்சவன் வரும்போது பொட்டலம் விக்கறவன் நம்பரோட வந்தான்.

2020ல மத்திய அரசு போதையில்லா இந்தியா இயக்கத்த 272 மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. பேரணி, உறுதிமொழி, எல்லாம் சரி. ஆனா எத்தன கிலோ புடிச்சோம்னு போர்டு வைக்கற நாட்டுல எத்தன பேர் சிகிச்சைய முழுசா முடிச்சாங்கன்னு ஒரு போர்டு நான் பாத்ததில்ல. அந்தக் கணக்கக் கேட்டு உங்க எம்எல்ஏவுக்கு ஒரு லெட்டர் போடுங்க, எனக்குப் போட்டதவிட அது உபயோகம்.

அப்புறம் 14446, போதைலேர்ந்து மீள உதவற இலவச ஹெல்ப்லைன். உங்க ஏரியா பசங்க வீட்ல குடுத்து வைங்க, ஸ்டேஷனுக்கு டிபன் டப்பா தூக்கறதுக்கு முன்னாடியே.