இரண்டு தாத்தாக்களின் பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வருடமாக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் இருக்கிறேன். கணவருக்கு மென்பொருள் வேலை. இந்தியக் கம்பெனி அனுப்பி வந்தவர், மூன்று வருடம் கழித்து இங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். மகள் இங்கேதான் பிறந்தாள், ஏழு வயது. வருகிற ஜூலையில் ஒரேயடியாக நாகர்கோவிலுக்குத் திரும்புகிறோம். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, இனியும் தள்ளிப்போட முடியாது.

ஊர் திரும்பியவர்கள் எழுதுவதெல்லாம் மனசு ஒட்டவில்லை என்பதைப் பற்றித்தான் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மகளிடம் மெக்சிகோ பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கிறது. அவளைப் பள்ளியில் எப்படிச் சேர்ப்பது? இங்கே பிடித்த ஓய்வூதியப் பணம் என்ன ஆகும்? எந்தச் சாமானைக் கொண்டுவருவது? அவள் ஸ்பானிஷை மறந்துவிடுவாளா? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள். தெருவில் கிடைத்த நாய் ஒன்றை மூன்று வருடமாக வளர்க்கிறோம். அவனையும் கூட்டி வரலாமா?

கே., குவாதலஹாரா

அன்புள்ள கே.,

மனசு ஒட்டாதது பற்றி நானும்தான் எழுதியிருக்கிறேன். அதில் பாதி மிகை. மெக்சிகோ நகரத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு 2019இல் கோவைக்கு வந்தோம். வந்த பிறகு எங்களை அலைக்கழித்தது மனசு இல்லை, என் மகனின் பெயர்.

உங்களுக்குத் தெரியாததில்லை, அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர். வழக்கமாக முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. நமக்கு ஒன்றுகூடக் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே என்று என் கணவர் தன் அப்பா பெயரையும் நான் என் அப்பா பெயரையும் எப்போதோ அதில் எழுதியிருந்தோம். மகன் பிறந்ததும் பதிவு அலுவலகத்தில் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்த அம்மாள், அந்தக் கட்டங்களில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். மகன் பெயர், பின்னால் என் மாமனார் பெயர், அதற்கும் பின்னால் என் அப்பா பெயர். பெற்ற தகப்பன் பெயர் மட்டும் பிள்ளையின் பெயரில் இல்லை.

போனில் சொன்னபோது என் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் பெயர் பேரனின் சான்றிதழில் ஏறுவது நம் ஊரில் நடக்கிற காரியமா? அங்கே அது சட்டம். என் கணவர்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவருடைய கூர்ப், அதாவது 18 எழுத்து அடையாள எண், இன்னொரு வேடிக்கை. அதில் தாய்வழிப் பெயரின் முதலெழுத்து வர வேண்டிய இடத்தில், அப்படி ஒன்று இல்லாததால், ஓர் எக்ஸ் போட்டிருந்தார்கள்.

கோவையில் பள்ளி அலுவலகத்தில் கேட்டார்கள், "பையன் இனிஷியல் என்னம்மா?" இல்லை என்றேன். "அப்பா இல்லைங்களா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார் அந்தப் பெண். இதோ நிற்கிறாரே என்று காட்டினேன். அவருக்கு எங்கள் மேல் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. சரி, எதற்கு வம்பு என்று கணவரின் முதலெழுத்தை இனிஷியலாக எழுதிக் கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. பள்ளிப் பதிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டிலும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டையிலும் வேறு பெயர். இரண்டு வருடம் கழித்துப் பள்ளி மாற்றியபோது இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, திரும்ப வட்டாரக் கல்வி அலுவலகம் என்று ஒரு கோடை விடுமுறையே போயிற்று.

அதனால் நாகர்கோவிலில் யார் என்ன சொன்னாலும் சரி, மகளின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஓர் எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். அழகாக இருக்கட்டும் என்று சுருக்க வேண்டாம், அப்பா மனம் நோகுமே என்று இனிஷியல் சேர்க்கவும் வேண்டாம்.

அடுத்து குடியுரிமை. மெக்சிகோ மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே மெக்சிகோ குடிமகள். இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை இந்தியக் குடிமகள் ஆக வேண்டுமென்றால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். உங்கள் மகளிடம் மெக்சிகோ பாஸ்போர்ட் இருக்கிறது, அதனால் அந்த வழியில் போக வேண்டாம். பெற்றோர் இந்தியக் குடிமக்கள் என்பதால் அவளுக்கு ஓசிஐ அட்டை கிடைக்கும். அதற்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். சுற்றுலா விசாவில் கூட்டிவந்து இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவளுடைய பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறதென்றால் அதையும் அங்கேயே புதுப்பித்துவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து தில்லித் தூதரகம் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்தில் முத்திரை, அதாவது ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று வேறு நாட்டுக்குக் காட்டும் முத்திரை, வாங்க வேண்டும். இந்தியாவும் மெக்சிகோவும் அந்த முத்திரையை ஏற்கும் ஒப்பந்தத்தில் இருப்பதால் ஒரு முத்திரை போதும், தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. ஆனால் மாநிலம் கொடுத்த ஆவணத்துக்கு அந்த மாநில அரசுதான் முத்திரை போடும். மகள் குவாதலஹாராவிலேயே பிறந்தவள் என்றால் ஹலிஸ்கோ அரசு, வேறு மாநிலத்தில் பிறந்தவள் என்றால் அங்கே ஒரு நடை. ஆங்கில மொழிபெயர்ப்பையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அங்கேயே செய்துகொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஸ்பானிஷ் தெரிந்தவரைத் தேடுவதைவிட அது சுலபம். பள்ளி மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் கையோடு வரட்டும்.

நீங்கள் வரும்போது இங்கே பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அங்கே படிப்பாண்டு ஜூலையில்தான் முடிகிறது, இங்கே ஜூனில் தொடங்கிவிடுகிறது. அதனால் இப்போதே தலைமையாசிரியரிடம் பேசி வையுங்கள். ஆதார் எண் கேட்பார்கள். ஓசிஐ வைத்திருப்பவர் கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருந்தால்தான் ஆதாருக்கு விண்ணப்பிக்கவே முடியும். முதல் அரை வருடம் அவளுக்கு ஆதார் இருக்காது என்பதைப் பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வாரம் ஒருமுறை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். என் மகன் நின்றிருக்கிறான்.

பணம். கணவர் வேலையை விடும்போது ஃபினிகீத்தோ என்ற கணக்கு முடிப்பு வர வேண்டும். தானாக ராஜினாமா செய்தாலும் உண்டு. எடுக்காத விடுப்புக்கான சம்பளம், அதன் மேல் குறைந்தது 25 சதவீத விடுப்புப் படி, அந்த வருடம் வேலை செய்த நாள் வரைக்குமான அகினால்தோ என்ற ஆண்டு இறுதி போனஸ். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அஃபோரே என்ற ஓய்வூதிய நிதியில் சேர்ந்த பணம், நாட்டை விட்டுப் போகிறேன் என்பதற்காக மொத்தமாகக் கைக்கு வராது, வயது ஆக வேண்டும். எண்ணையும் கணக்கு அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு அதை மறந்துவிடுங்கள். முழுவதும் மறக்கவும் முடியாது. இங்கே கணவர் சாதாரணக் குடியிருப்பாளர் ஆனபின், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று அந்தக் கணக்கையும் அங்கே விட்டுவரும் வங்கிக் கணக்கையும் காட்டியாக வேண்டும். முன்னே உள்ள ஏழு நிதியாண்டுகளில் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவருக்கு ஓர் இடைநிலை உண்டு, ஆர்என்ஓஆர் என்பார்கள். எட்டு வருடம் வெளியில் இருந்த உங்களுக்கு அது கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வரும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. ஆகவே அங்கே உள்ளதை அதற்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், ஓர் ஆடிட்டரையும் பாருங்கள்.

ஒரு சின்ன வேடிக்கை. மெக்சிகோவில் வரி எண்ணின் பெயர் ஆர்எஃப்சி. இங்கே திரும்பி வருபவர்கள் வெளிநாட்டுப் பணத்தை அப்படியே வைத்திருக்க வங்கியில் தொடங்கும் கணக்கின் பெயரும் ஆர்எஃப்சி. என் கணவர் வங்கியில் "ஆர்எஃப்சியை மூட வேண்டும்" என்று ஆரம்பிக்க, திறக்காததை எப்படி சார் மூடுவது என்றார் மேலாளர்.

மூட வேண்டியது அங்கே. வரித்துறையின் மின்கையொப்பம் நான்கு வருடம்தான் செல்லும். முடியப்போகிறதென்றால் கிளம்புமுன் புதுப்பியுங்கள். அந்த வருடத்துக்கான வரிக்கணக்கை அடுத்த ஏப்ரலில் நாகர்கோவிலில் உட்கார்ந்துதான் போடுவீர்கள். மின்கட்டணம் நம் மின்வாரியம் போலவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கடைசி பில் நீங்கள் போனபின் வரும், வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பிடித்து வைக்க அது ஒரு சாக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், மெக்சிகோ செல்போன் எண். நாங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் போய்விட்டது. வங்கி அனுப்பும் ரகசிய எண்ணெல்லாம் அந்த எண்ணுக்குத்தான். வங்கிக்கோ நேரில் வந்தால்தான் மாற்ற முடியும் என்ற ஒரே பதில். தில்லிக்குப் போய் மெக்சிகோ தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி, அங்கிருக்கும் தோழிக்கு அனுப்பி மீட்டோம். மீட்ட பணத்தைவிடப் போய்வந்த செலவு அவ்வளவு ஒன்றும் குறைவில்லை.

விமான டிக்கெட் எடுக்கும்போது ஒன்று. நேரடி விமானம் இல்லை, எங்காவது மாற வேண்டும். அமெரிக்கா வழி என்றால் வெறுமனே விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும், உங்கள் மூவருக்குமே. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு விதி வேறு, டிக்கெட் போடுமுன் விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

சாமான்களுக்கு வருகிறேன். மின்சாரத்தில் ஓடும் எதையும் கொண்டுவராதீர்கள். அங்கே 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆசையாக வைத்திருந்த லிக்குவதோராவை, அதாவது அந்த ஊர் மிக்ஸியை, கொண்டுவந்து, உறவுக்காரப் பையன் ஒருவன் ஆர்வத்தில் நேராகச் செருக, நான்கு நொடி பறந்தது, அப்புறம் புகை. நம் மிக்ஸிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம். லாப்டாப், போன் சார்ஜர்கள் இரண்டுக்கும் தாங்கும், அவை போதும்.

கொண்டுவர வேண்டியது சோளமாவு அப்பம் அழுத்தும் அந்த இரும்புப் பொறி. எனக்குப் பூரிக்கும் தட்டைக்கும் இன்றுவரை உழைக்கிறது. மோல்காஹேதே கல்லுரல் வேண்டுமா என்று யோசிப்பீர்கள். எடை கட்டாது, நம் ஊர்ச் சின்ன உரலே போதும். டோர்டியா, அந்தச் சோள அப்பம், இங்கே செய்ய முடியுமா? முடியும், முழுதாக முடியாது. வெள்ளைச் சோளம் தேடிப்பிடித்து, சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறவிட்டு, கிரைண்டரில் அரைத்துப் பார்த்தேன். வாசனை வந்தது. பதம் வரவில்லை. நம் கடைகளில் கிடைக்கும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கு விளைவது, கல் மாதிரி இருக்கும். ஹமாய்கா சர்பத்துக்குக் கவலையே வேண்டாம். அது நம் புளிச்சக்கீரையின் பூ வாடியபின் காயைச் சுற்றி நிற்கும் அந்தச் சிவந்த தோல்தான். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு செடி வையுங்கள். வெண்ணெய்ப்பழம் கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து வரும். மிளகாய் வற்றல் கொஞ்சம் கொண்டுவரலாம் என்று தோன்றினால் முதலில் சுங்கத்தில் கேளுங்கள், விதையென்றால் தொடவே தொடாதீர்கள். தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் கடுமையானவை.

ஸ்பானிஷை மறப்பாளா என்றால், மறப்பாள், பேசாவிட்டால். என் மகனுக்கு ஒரு வருடத்தில் பேச்சு தட்டத் தொடங்கியது. ஊரில் யார் கூப்பிட்டாலும் அவன் மரியாதையாக "மாந்தே?" என்பான், சொல்லுங்கள் என்று அர்த்தம். மாமியார் காதில் அது "மாட்டேன்" என்று விழுந்து, பேரனுக்குத் திமிர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அவர் காதுக்காகவே அவன் அதை விட்டான், எனக்கு அதில் இன்னும் வருத்தம். பழைய தோழர்களோடு பேசவைக்க நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். 2022இல் மெக்சிகோவின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரமாற்றத்தை நிறுத்திவிட்டார்கள், அதனால் உங்கள் ஊருக்கும் நமக்கும் வருடம் முழுவதும் பதினொன்றரை மணி நேரம்தான். ஞாயிறு காலை ஏழரைக்கு இங்கிருந்து அழைத்தால் அங்கே சனி இரவு எட்டு. அந்த ஒரு நேரம்தான் எங்களுக்கு ஒத்துவந்தது.

தமிழ் எழுதப் படிக்க இப்போதே ஆரம்பியுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், மூன்றாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்கு மற்றவர்கள் இரண்டு வருடம் முன்னால் இருப்பார்கள். ஒரு லாபம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய் என்று நாக்கில் பிரித்துப் பழகியவளுக்கு ர, ற குழப்பம் வராது. கோவைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற இடத்தில் என் மகன் காதை வைத்தே எழுதினான். உங்கள் நாகர்கோவிலில் அந்த வேறுபாடு பேச்சிலேயே இன்னும் இருக்கிறது, அவளுக்கு ஊர் பொருந்தும்.

பெர்ரோ என்றதும் நினைவுக்கு வருகிறது. நாயைக் கூட்டி வரலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து குடிபெயர்ந்து திரும்புபவர்களுக்கு அனுமதி உண்டு. சென்னையில் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது, அவர்களிடம் கிளம்புமுன்னரே தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மெக்சிகோ அரசுத் துறையான செனாசிகாவின் சுகாதாரச் சான்று, இரண்டும் கையில் இருக்கட்டும். வெயில் காலத்தில் சில விமானங்களில் நாய்களை ஏற்ற மாட்டார்கள், அதைக் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள். படிவத்தில் அவன் பெயருக்கு ஒரே கட்டம்தான். தாத்தா பெயர் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா