சகுராவை ஏன் இவ்வளவு பேர் திட்டுகிறார்கள்?

நருட்டோ என்ற ஜப்பானிய நிஞ்ஜா அனிமே பார்ப்பவர்களில் பாதிப் பேர், நாயகன் நருட்டோவின் அணித் தோழி சகுராவைத் திட்டுவதும் அவனை நேசிக்கும் ஹினாட்டாவைக் கொண்டாடுவதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி நாலு ரோடு டீக்கடையில் காலேஜ் பையன்கள் பேசினாலும் இதே சண்டைதான்.

முதல் காரணம், கதை முழுக்க நருட்டோவின் கண் வழியாக நகர்கிறது, அவனை நேசிப்பவள் நல்லவள், அவனை விட்டு அதே அணியின் சாசுகே பின்னால் போகிறவள் கெட்டவள் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒரு பெண் தனக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்தெடுத்தால் அது குற்றமா? நிஞ்ஜாக்களின் பதவி உயர்வுக்கான சூனின் தேர்வு நடக்கும் காட்டில் எதிரி தலைமுடியைப் பிடித்துக்கொள்ள, மயங்கிக் கிடக்கும் நருட்டோ, சாசுகே இருவரையும் காப்பாற்ற சகுரா குனாய் என்ற சின்னக் கத்தியால் தன் முடியையே அறுத்துக்கொண்டு எழுவாளே, அதை யாரும் பேசுவதில்லை. அப்புறம் சியோ பாட்டி என்ற மூத்த நிஞ்ஜாவோடு சேர்ந்து சசோரி என்ற பலமான வில்லனை வீழ்த்தியதும் அவள்தான்.

இன்னொரு காரணம் எழுத்தில் இருக்கிறது. 1999-இல் தொடங்கிய நருட்டோ மாங்கா, அதாவது மூலக் காமிக்ஸ், 2014-இல் முடிந்தபோது நருட்டோவுக்கும் ஹினாட்டாவுக்கும் கல்யாணமே ஆகியிருந்தது, ஆனால் அந்தக் காதல் எப்படிக் கனிந்தது என்பதை அதே வருடம் டிசம்பரில் வந்த தனிப் படம்தான் சொன்னது. இடைவெளி விட்டால் ரசிகர்கள் அவரவர் ஆசையை வைத்து நிரப்பத்தானே செய்வார்கள்.

சரி, காதலை நன்றாக எழுதியது வேண்டுமென்றால் ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் அனிமே பாருங்கள், அதுவும் 2009 தொடரை. அதன் நாயகி வின்ரிக்கு இயந்திரக் கை கால் செய்யும் சொந்தத் தொழில் இருக்கிறது, கடைசியில் ரயில் நிலையத்தில் நாயகன் எட்வர்ட் தன் காதலைத் திக்கித் திணறிச் சொல்லிக் கேட்கும்போது பதில் சொல்லும் கெத்து அவளிடம்தான் இருக்கும்.