எழுத்தாளர்களின் பிள்ளைகளில், பெற்றோரையும் மிஞ்சிய கலைஞர் என்று யாரைச் சொல்வீர்கள்?

என் பதில் இங்கிரிட் யோங்கர். தென்னாப்பிரிக்கக் கவிஞர். டர்பனில் எங்கள் தலைமுறைக்குப் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் கட்டாயப் பாடம். ஆட்சியில் இருந்த வெள்ளையரின் மொழி என்று வேண்டாவெறுப்பாகத்தான் படித்தோம். அந்த மொழி மேல் எனக்கு மரியாதை வந்ததே இவருடைய கவிதைகளால்தான்.

அப்பா ஆப்பிரகாம் யோங்கர் கதைகள் எழுதியவர், பத்திரிகையாளர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். 1933-ல் இங்கிரிட் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் ஏழ்மையில் வளர்ந்தவர், அம்மா இறந்த பிறகுதான் அப்பா வீட்டுக்குப் போனார். முதல் கவிதைத் தொகுப்பு 1956-ல் வந்தது, அடுத்தது 1963-ல். அந்தச் சமயத்தில் நூல்களைத் தணிக்கை செய்யும் சட்டத்துக்கான நாடாளுமன்றக் குழுவுக்கு அப்பாதான் தலைவர். மகள் அதை வெளிப்படையாக எதிர்த்தார். 1965 ஜூலையில், 31 வயதில், கேப் டவுன் கடலில் மூழ்கி இறந்துபோனார்.

பலரும் இந்தச் சோகத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பாவின் அன்பு கிடைக்காத பெண் என்று மட்டும் அவரைப் பார்ப்பது அநியாயம். அவர் கவிதைக்காக உழைத்தவர். 1960 மார்ச்சில் ஷார்ப்வில் என்ற ஊரில், பாஸ் என்ற அனுமதிப் புத்தகத்தை எதிர்த்துத் திரண்ட கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அதை அடுத்த நாட்களில் கேப் டவுன் பக்கம் நியாங்காவில், தாயின் கையிலிருந்த குழந்தை ஒன்று சுடப்பட்டது. அந்தக் குழந்தை சாகவில்லை என்று எழுதினார் இங்கிரிட். அது வளர்கிறது, பெரிய மனிதனாகி ஆப்பிரிக்கா முழுக்க நடக்கிறது, கடைசியில் இராட்சத உருவெடுத்து, பாஸ் இல்லாமல் உலகமெல்லாம் சுற்றுகிறது.

அந்தப் ‘பாஸ் இல்லாமல்’ என்ற இடம்தான் என்னை உலுக்கியது. கறுப்பின மக்கள் பாஸ் புத்தகம் இல்லாமல் தெருவில் இறங்க முடியாத காலம் அது. எங்கள் கஷ்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட முடியாது. ஆனால் இந்தியர்களும் நேட்டாலை விட்டு வேறு மாகாணத்துக்குப் போக பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்வாலில் ஒரு கல்யாணம் என்றால் தாத்தாவுக்கு முதல் வேலை அந்தக் காகிதம்தான். அவர் சொன்னதை வைத்துத்தான் இந்த வரி எனக்குப் பிடிபட்டது.

1994 மே 24 அன்று, ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது நெல்சன் மண்டேலா இந்தக் கவிதையை ஆங்கிலத்தில் வாசித்தார். அப்பா உட்கார்ந்திருந்த நாடாளுமன்றத்தில் மகளின் குரல்! அப்பாவின் நூல்களை இன்று யார் தேடிப் படிக்கிறார்கள்?

ஆங்கிலத்தில் படிக்க விரும்பினால் ஆந்த்ரே பிரிங்க்கும் ஆன்ச்சி குரோக்கும் சேர்ந்து மொழிபெயர்த்த தொகுப்பு, 2007-ல் வந்தது, நன்றாக இருக்கும். ஆஃப்ரிகான்ஸிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு யாராவது கொண்டுவர வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், யாராவது முன்வந்தால் கூட உட்கார்ந்து வேலை செய்ய நான் தயார்.