இரண்டாவது உச்சம் எங்கே போனது?

ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கும் தீப் பாதுகாப்புப் பொறியியல் மாணவர் ஒருவரின் கேள்வி: "கூம்புக் கலோரிமீட்டரில் (மாதிரித் துண்டைச் சூடேற்றி எரித்து, அது வெளியிடும் வெப்பத்தை அளக்கும் கருவி) சதுர மீட்டருக்கு 50 கிலோவாட் வெப்பத்தில் 18 மி.மீ. பைன் பலகையை எரித்தோம். வெப்ப வெளியீட்டு வரைபடத்தில் இரண்டு உச்சங்கள் வந்தன. தீயைக் கணினியில் பாவனை செய்யும் எஃப்டிஎஸ் மென்பொருளில் முதல் உச்சம் மட்டுமே வருகிறது. கிளர்வு ஆற்றலை (மரம் சிதையும் வினை தாண்டவேண்டிய ஆற்றல் தடை) மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். வேறு எதைத் தொடுவது?"

கிளர்வு ஆற்றலை விட்டுவிட்டுப் பலகையின் முதுகைப் பாருங்கள்.

முதல் உச்சம் கரி படிவதற்கு முன் வருவது. சுமார் 300 டிகிரியைத் தாண்டிய அடுக்கு கரியானதும், வெப்பம் அதைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். வரைபடம் இறங்கிப் படுத்துவிடும். உள்ளே போகும் வெப்பத்திலும் ஒரு பங்கைப் பின்னாலிருக்கும் குளிர்ந்த மரம் விழுங்கிக்கொண்டிருக்கும். வெப்ப அலை பின்முகத்தைத் தொட்டபிறகு விழுங்க ஆளில்லை. சோதனையில் பலகைக்குப் பின்னால் செராமிக் இழைப் பஞ்சு இருப்பதால் தப்பவும் வழியில்லை. மிச்ச மரம் மளமளவென்று சூடேறிச் சிதையும். அதுதான் இரண்டாவது உச்சம்.

உங்கள் கோப்பில் பின்முகம் குளிர்ந்த காற்றுக்குத் திறந்திருந்தால் அந்த உச்சம் மழுங்கிவிடும். காப்பிட்ட முகமாக மாற்றுங்கள். பஞ்சையே தனி அடுக்காகக் கொடுத்தால் இன்னும் நல்லது. கணினி ஓட்டத்தைச் சீக்கிரம் நிறுத்திவிடவில்லையே? ஐரோப்பிய மரக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோட் 5 மென்மரத்துக்குத் தரும் கருகல் வேகம் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. அப்படிப் பார்த்தால் 18 மி.மீ. கருக ஏறக்குறைய 28 நிமிடம். கடைசிப் பகுதி வேகமெடுக்கும் என்றாலும், 10 நிமிட ஓட்டத்தில் எதுவும் தெரியாது.

உச்சம் வந்தும் நேரம் தவறினால், கரியின் வெப்பக் கடத்துத்திறனைப் பாருங்கள். துளைகளுக்குள் கதிர்வீச்சு நடப்பதால் சூடு ஏற ஏற அது கூடும். ஒரே எண் போதாது. அப்புறம் ஈரப்பதம். நம் சிங்கப்பூரின் ஈரக் காற்றில் திறந்து கிடந்த மரத்தில் 15 விழுக்காடுகூட இருக்கும். ஒரு கிலோ நீர் ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் தேவை, அதனால் எல்லாமே தாமதமாகும்.

கிளர்வு ஆற்றலைத் திருகுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதையும் முன்காரணியையும் (வினை வேகச் சமன்பாட்டில் முன்னால் வரும் பெருக்கு எண்) சேர்த்து மாற்றினால் வெவ்வேறு இணைகள் கிட்டத்தட்ட ஒரே வளைகோட்டைத் தரும். பொருந்திவிட்டது என்று நீங்கள் மகிழ்வீர்கள். அடுத்த தடிமனில் எல்லாம் கவிழும்.

மீந்த நிறையையும் ஒப்பிடுங்கள், ஆனால் சுடர் அணையும் கணத்தில். அதன்பிறகு கரியே தணலாக எரிந்து குறையும். உங்கள் கணினி மாதிரியில் கரி எரிவதற்கு வினை கொடுத்திருக்கிறீர்களா என்று தெரியாமல் அந்த எடையை நம்பாதீர்கள்.