குதிரைக் காவலருடன் படம் எடுக்க டிக்கெட் வேண்டுமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். குதிரை மேல் இருக்கும் காவலர் பக்கத்தில் ஏழு வயது மகனை நிறுத்திப் படம் எடுக்க ஆசை. காவலர் கத்துவார், போலீஸ் பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கள் ஏஜெண்ட், "அதற்குத் தனி டிக்கெட் இருக்கிறது, நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார். - ஈரோடு வாசகி

பதில்: தாராளமாக எடுங்கள். அதற்காக யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். டிக்கெட் என்ற ஒன்று கிடையவே கிடையாது. வொயிட்ஹால் சாலையில் ஹார்ஸ் கார்ட்ஸ் வாசலில் காலை 10 முதல் மாலை 4 வரை குதிரைக் காவலர்கள் நிற்பார்கள். நடைபாதையில் நின்று படம் எடுக்கக் காசு எதற்கு? பக்கிங்காம் அரண்மனைக் காவல் மாற்றமும் அப்படித்தான், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது இலவசம். மழை கொட்டினால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். 'முன்வரிசை இடம்' என்று ஏஜெண்ட் விற்பது பெரும்பாலும் கூட வரும் கைடுக்கான கூலி. அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, சொல்வதில்லையே!

சரி, காவலர் எப்போது கத்துவார்? கடிவாள வாரைத் தொட்டால். அவர் வேஷம் கட்டிய ஆள் இல்லை, பணியில் இருக்கும் ராணுவ வீரர். குதிரை உதைக்கும், கடிக்கும் என்று அங்கேயே பலகை வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் ஒரு பெண்ணைக் குதிரை கடித்து, அவர் மயங்கி விழுந்தார். பையனைக் குதிரையின் வாய் எட்டாத தூரத்தில் தள்ளி நிறுத்துங்கள், அவன் கை உடம்போடு ஒட்டியே இருக்கட்டும். நடந்துவரும் காவலர் எதிரே வந்தால் உடனே விலகுங்கள். அவர் சுற்றிப் போகமாட்டார். 2021 டிசம்பரில் லண்டன் கோபுரம் (டவர் ஆஃப் லண்டன்) என்ற பழைய கோட்டையில் ஒரு சிறுவன் அப்படித்தான் இடிபட்டு விழுந்தான்.

அதே கோபுரத்தில் ஒரு விலக்கு உண்டு. பீஃப்ஈட்டர் எனப்படும் காவலர்களிடம் பேசலாம், கேள்வி கேட்கலாம், அனுமதி கேட்டுவிட்டுச் சேர்ந்து படமும் எடுக்கலாம். குறைந்தது 22 ஆண்டு படையில் இருந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுக்கிறார்கள், சுற்றிக்காட்டுவதும் அவர்கள் பணி. அதற்கான கட்டணம் நுழைவுச் சீட்டிலேயே அடங்கும். ஆனால் அரச நகைகள் இருக்கும் கட்டட வாசலில் கரடித்தோல் தொப்பியோடு நிற்பவர் பீஃப்ஈட்டர் அல்ல, படைவீரர். பலரும் குழம்புவது இங்கேதான். தொப்பியைப் பாருங்கள்: உயரமான கரடித்தோல் என்றால் தள்ளி நில்லுங்கள், வட்டமான தட்டைத் தொப்பி என்றால் பேசலாம்.

ஏஜெண்டிடம் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில் கேளுங்கள். காவலர் டிக்கெட் என்று ஒரு வரி இருந்தால், கிளம்பும் முன்பே அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.