விடியற்காலையில் பூனை ஏன் கத்துகிறது, நாம் என்ன செய்யலாம்?

உங்கள் பெட்டைப் பூனைக்கு இரண்டு வயது என்றும், விடியற்காலை நான்கு மணிக்கே அறைக் கதவருகே வந்து கத்தத் தொடங்குகிறது என்றும், இரவில் வயிறாரச் சோறு வைத்தும் அது நிற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: அடிக்க வேண்டாம். அடி வாங்கிய பூனை கத்துவதை விடுவதில்லை. உங்களைக் கண்டால் பரண் மேல் ஏறி ஒளிந்துகொள்ள மட்டுமே கற்றுக்கொள்ளும்.

திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டில் பூனை இல்லாத காலம் எனக்கு நினைவில்லை. கூடத்தில் நெல் குதிர் இருந்தவரை எலிக்காக வைத்துக்கொண்டோம். இப்போது அறுவடையான நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. குதிரும் போய்விட்டது, பூனைகள் மட்டும் தங்கிவிட்டன. தற்போது இருப்பவை இரண்டு. அவை முற்றத்தில் எதிரெதிரே வரும்போது மூக்கை மூக்கோடு ஒட்டி முகர்ந்துவிட்டு, சத்தமே இல்லாமல் விலகிப் போகும். அதே பூனைகள் என்னைக் கண்டவுடன் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு "மியாவ்" என்கின்றன. வளர்ந்த பூனைகள் தமக்குள் இந்த ஒலியைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. குட்டியாக இருக்கும்போது தாயை அழைக்கக் கத்துகின்றன; மனிதரோடு வாழும் பூனை அந்தக் குட்டிக் குரலைக் கைவிடாமல், தாயின் இடத்தில் நம்மை வைத்து வாழ்நாள் முழுவதும் கூப்பிடுகிறது. ஆகவே உங்கள் பூனை கத்துவது தொல்லை கொடுப்பதற்காக அன்று. உங்களிடம் பேசுவதற்கு அதற்குத் தெரிந்த வழி அதுதான். நாம் எப்போது, எப்படிப் பதில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பேச்சு வளர்கிறது.

ஒலியைப் பிரித்தறிய வாயைக் கவனிப்பதே எளிய வழி. மில்ட்ரெட் மோல்க் என்ற ஆய்வாளர் 1944-இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப் பூனையின் குரல்களை வாயின் நிலையைக் கொண்டே மூன்றாகப் பகுத்தார். வாயை மூடியபடி எழுப்புவன முதல் வகை: "ம்ர்ர்" என்று உருட்டிச் சொல்லும் வரவேற்பும், குர்குர் ஒலியும் இதில் சேரும். வாயைத் திறந்து மெல்ல மூடிக்கொண்டே எழுப்பும் "மியாவ்" இரண்டாம் வகை; கேட்பது, அழைப்பது, முறையிடுவது எல்லாம் இதற்குள்தான். வாயை இறுக்கமாகத் திறந்தபடியே வைத்து எழுப்பும் சீறல், உறுமல், அலறல் மூன்றாம் வகை; அப்போது பூனை அச்சத்திலோ சினத்திலோ வலியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம், அந்நேரத்தில் தூக்கவும் தடவவும் போகக் கூடாது. சன்னலருகே அமர்ந்து, வேலியில் தவிட்டுக்குருவிகளைப் பார்த்துத் தாடை நடுங்க "கக்கக்கக்" என்பது இரையைக் கண்ட பரபரப்பு. அதற்கு நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

குர்குர் ஒலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எப்போதும் இன்பத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். மடியில் படுத்திருக்கும் பூனையின் விலாவில் கை வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அந்த அதிர்வு விட்டுப்போகாமல் தொடரும். ஆனால் அடிபட்ட பூனையும், குட்டி ஈனும் பூனையும், சாகக் கிடக்கும் பூனையும்கூட அவ்வாறே ஒலிக்கும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பூனை உணவு கேட்டு எழுப்பும் குர்குர் ஒலிக்குள் கைக்குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த சுருதி ஒன்று கலந்திருப்பதையும், பூனை வளர்த்திராதவர்கள்கூட அதை அவசரமானதாக உணர்வதையும் காட்டினார்கள். காலையில் முகத்தருகே வந்து குர்குர் என்னும் பூனையை ஒதுக்கிவிட்டுத் தூங்க முடியாமல் போவதற்குக் காரணம் நம் மன உறுதிக் குறைவு அன்று.

இனி உங்கள் பூனைக்கு வருகிறேன். அதற்குக் கருத்தடை அறுவை செய்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. செய்யாதிருந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான். பசு பருவத்துக்குக் கத்துவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. பருவத்துக்கு வந்த பெட்டைப் பூனை நீட்டி இழுத்து ஓலமிடும், தரையில் புரளும், முதுகைத் தொட்டால் பின்புறத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும். சுமார் ஒரு வாரம் இருக்கும், இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் வரும். பகல் நீளம் அதிகம் மாறாத நம் பகுதியில் ஆண்டு முழுவதும் இது நிகழலாம். இரவில் கூரை மேல் குழந்தை அழுவது போலக் கேட்கும் குரலை அபசகுனம் என்று சொல்லிக் கல்லெடுத்து எறிகிறார்களே, அது இந்த அழைப்பும், அதைக் கேட்டு வந்த கடுவன்களின் சண்டையும்தான். இதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே நிலையான தீர்வு. ஒரு ஈற்றாவது போட்ட பிறகு செய்யலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

அறுவை முடிந்த பூனை என்றால், நான்கு மணிக் குரல் பெரும்பாலும் பழக்கம். பூனை விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடும் பிராணி. அந்நேரத்தில் அது விழித்துக்கொள்வதை நம்மால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது, கத்தினால் யாரோ எழுந்து வருவார்கள் என்று அது கற்றுக்கொண்டதைத்தான். எங்கள் வீட்டில் கத்தியவுடன் எழுந்து போய்ப் பால் ஊற்றியவர் என் அத்தை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கே வரும் என்று சொல்லியும் அவருக்கு மனம் கேட்கவில்லை. பிறகு அவரையும் உடன்வைத்துக்கொண்டு ஒரு முறையை வகுத்தோம். இரவு படுக்கும் முன், ஒரு கயிற்று நுனியில் கோழி இறகைக் கட்டிப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு விளையாடி, அது களைத்த பிறகு அன்றைய கடைசிச் சோற்றை வைத்தோம். காலையில் கத்தும்போது எழவும் இல்லை, அதட்டவும் இல்லை, ஏனெனில் அதட்டலும் அதற்கு ஒரு பதில்தான். எழுந்து பல் துலக்கி, வாசல் தெளித்து, கோலம் போட்ட பிறகே தட்டு வைக்கப்பட்டது. முதல் நான்கைந்து நாள் குரல் முன்னைவிட ஓங்கியது, கதவைப் பிறாண்டியது. அந்த நாளில் மனமிரங்கி எழுந்துவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் போதும் என்று அது கற்றுக்கொள்ளும், ஆகவே அதைத் தாண்டுவதுதான் கடினம். மூன்றாவது வாரத்தில் அது கோலம் முடியும் வரை நடையில் சத்தமின்றி உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாயை மட்டும் திறந்து மூடியது, குரல் வரவில்லை. அப்படி அமைதியாக இருக்கும்போது நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவிக் கொடுப்பேன். அமைதிக்கும் பதில் கிடைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லைப்பக்கம் போக முடியாமல் வீட்டுக்குள் அடைந்திருக்கும் பூனை கூடுதலாகக் கத்தும். அது சலிப்பு. அந்நாட்களில் விளையாட்டை இரண்டு வேளையாக்குங்கள், போதும்.

இவை எதிலும் சேராத குரல் ஒன்று உண்டு. அதை நான் ஒருமுறை தவறாகக் கேட்டேன். எங்கள் கடுவன் கருப்பனுக்கு அப்போது ஐந்து வயது. தாழ்வார மூலையில் இருந்த மணல் தட்டுக்கு அடிக்கடி போய்க் குந்தியிருந்து, அடித்தொண்டையிலிருந்து நீளமாக முனகினான். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். மாலை வரை மணல் ஈரமாகவே இல்லை என்பதை நான் பார்த்தும், அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மூங்கில் கூடையில் வைத்துத் துணியால் மூடி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றோம். சிறுநீர்க்குழாய் அடைப்பு என்று சொல்லி, குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். முழுமையாக அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். ஆண் பூனைக்குக் குழாய் குறுகலானது என்பதால் இந்த ஆபத்து அதிகம். மணல் தட்டில் அமர்ந்து கத்தும் கடுவனை வைத்துக்கொண்டு யாரும் ஒரு பொழுதுகூடக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வலிக்கு என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

பத்து வயதைக் கடந்த பூனை திடீரென்று இரவெல்லாம் ஓலமிடத் தொடங்கினால், தைராய்டு மிகுதி, இரத்த அழுத்தம், காது கேளாமை, முதுமை மறதி என்று காரணங்கள் பல இருக்கக்கூடும். மருத்துவர் பார்த்தே சொல்ல முடியும். உங்களுடையது இளம் பூனை என்பதால் அந்தக் கவலை இப்போது வேண்டாம். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், கத்திய நேரம், நின்ற இடம், வாயும் வாலும் இருந்த நிலை, அன்று அது தின்ற அளவு, மணல் ஈரமாக இருந்ததா என்பதை மட்டும் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.